ஒரு சாண் பின்னால்

ஆகஸ்ட் 2

குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டி பாதி நிறைவதற்குள் நின்றது. விருதுநகரில் இதற்கு மேல் எதிர்பார்ப்பவன் முட்டாள்.

மாலையில் பொன்மதி வந்தாள். என் தங்கை கனியின் மகள், பெங்களூரில் வேலை. வருகிற 30-ஆம் தேதி சிவகாசியில் அவளுக்குக் கல்யாணம். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, மாலை நீங்கதான் போடணும். நீங்கதான் கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"வருகிறேன். கேமராவோடு வருவேன், படம் எடுப்பேன். மேடை ஏற மாட்டேன்" என்றேன்.

"ஏன்னு கேக்க மாட்டேன். எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். மேடையில் அவள் அப்பா தனுஷ்கோடி நிற்பார். என் தங்கை வீட்டுக்காரர், அச்சகம் வைத்திருப்பவர். அவர் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அடித்த பத்திரிகையில் என்னை 'ஆசிரியர்' என்று போட்டார். நான் கல்லூரிப் பேராசிரியர், பௌதிகம், எம்.ஃபில். அதுவும் அவர் அண்ணன் ராஜாமணி அண்ணாச்சியின் பெயருக்குக் கீழே போட்டார். அன்றோடு நேர்ப்பேச்சு நின்றது.

ஆனால் வேர் அதற்கும் முந்தையது. பொன்மதிக்குக் காது குத்தியபோது தாய்மாமன் என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். என் பிலிம் கேமராவை, என் எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸோடு, தனுஷ்கோடி கையில் வாங்கிக்கொண்டார். "நான் எடுக்கேன் மச்சான், நீங்க பிள்ளையப் பிடிங்க" என்றார். கழுவி வந்த படத்தில் நானும் குழந்தையும் பனிமூட்டம். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த ராஜாமணி அண்ணாச்சி மட்டும் மீசை முடியை எண்ணுகிற அளவுக்குத் துல்லியம். லென்ஸ் எங்கே பார்க்க வேண்டும் என்பதை ஆட்டோஃபோகஸிடம் சொல்வது பொத்தானை அழுத்துகிற ஆள். தனுஷ்கோடி தன் அண்ணனைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தை அண்ணாச்சி பெரிதாக்கி, சட்டம் போட்டு, தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். நான் அங்கே போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்து மீசை முறுக்குகிறது.

பொன்மதி கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள்.

"அப்ப இதுலயே எடுங்க மாமா. என்னோட மிரர்லெஸ் கேமரா. இது அடாப்டர். உங்க பழைய லென்ஸ இதுல மாட்டலாம்."

"மாட்டலாம். ஃபோகஸ் ஆகாது. அந்தக் காலத்து லென்ஸ்."

"ஆகும்" என்றாள். சுண்டல் தின்றுவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3

ஃபோகஸ் ஆகவில்லை.

திரையில் ஏதோ பிழை என்று மின்னுகிறது. இந்த நாட்டில் எதை வாங்கினாலும் இப்படித்தான். அடாப்டர் செய்தவன், விற்றவன், எனக்குத் துறைத்தலைவர் பதவி கிடைக்காமல் செய்த கல்லூரியின் முன்னாள் முதல்வர், எல்லோரும் ஒரே ரகம். பெட்டியில் திரும்பப் போட்டு மூடிவிட்டேன்.

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டருக்குப் பதிந்தேன்.

ஆகஸ்ட் 4

ஆகிறது! ஆகிறது!

லென்ஸின் கழுத்தில் உள்ள, அபெர்ச்சர் என்கிற துளை வளையத்தைக் கடைசி எண்ணான 16-இல் வைத்துப் பூட்ட வேண்டும். நான் 2.8-இல் விட்டிருந்தேன். அதை மாணவன் செய்திருந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருப்பேன்.

பூட்டினேன். பொத்தானைப் பாதி அழுத்தினேன். கிர்ர்ர், டக். அந்தச் சத்தம்! இந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பழைய கேமராக்களிலிருந்து ஒரு சின்னத் திருப்புளி முனை நீட்டிக்கொண்டு வந்து லென்ஸைத் திருகும். புதிய கேமராக்களில் அந்த முனை இல்லை. பெரும்பாலான அடாப்டர்கள் வெறும் குழாய்கள். லென்ஸ் உட்காரும், தூங்கும். இது அப்படியல்ல, தனக்குள்ளேயே ஒரு மோட்டாரும் முனையும் வைத்திருக்கிறது. தேடிப் பிடித்து, விசாரித்து வாங்க வேண்டிய பொருள். பொன்மதிக்கு மூளை இருக்கிறது. அது எங்கள் பக்கத்திலிருந்து வந்தது.

அப்புறம் அந்தச் சதுரம். என் மனைவி புஷ்பம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேமராவை அவள் பக்கம் திருப்பியதும் ஒரு குட்டிச் சதுரம் ஓடிப்போய் அவள் இடது கண்ணில் உட்கார்ந்தது. அவள் தலையைத் திருப்பினால் கூடவே திரும்புகிறது. கிர்ர், டக், கிர்ர், டக். லென்ஸ் பிறந்தபோது கண்ணை அடையாளம் காண்கிற கேமரா என்று ஒன்று இல்லவே இல்லை. எந்தப் பேச்சும் மறுபேச்சும் இல்லாமல் இரண்டும் சேர்ந்துவிட்டன. இமைமுடி ஒவ்வொன்றும் தெரிகிறது. வெங்காயத்துக்கு வந்த கண்ணீர்கூடத் தெரிகிறது.

கத்தினேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தார்கள்.

ஆகஸ்ட் 6

பால்காரர் கண். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கண். எதிர்வீட்டு ஆட்டின் கண். ஆட்டுக்கும் சதுரம் போடுகிறது! ஆடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு, கிர்ர் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடியது.

கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் அறைக்குக் கொண்டுபோனேன். துறைத்தலைவர் நாற்காலியில் என் இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் மனிதரையே ஒரு படம் எடுத்தேன். சொல்லக் கூடாது, நன்றாக இருக்கிறார். "அனுப்புங்க சார், புரொஃபைல்ல வைக்கிறேன்" என்றார். அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று தெரியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது புஷ்பம்: "கல்யாணமான புதுசுலகூட என் கண்ண இப்படிப் பாத்ததில்ல நீங்க."

"சதுரம்தான் பார்க்கிறது" என்றேன்.

"அதுக்காவது தெரியுதே."

ஆகஸ்ட் 11

கனியும் தனுஷ்கோடியும் தட்டோடு பத்திரிகை வைக்க வந்தார்கள். முறை. கூடத்தில் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். பேச்சு எல்லாம் பெண்கள் வழியாக.

"மாப்பிள்ளையைக் காபி எடுத்துக்கச் சொல்லு" என்றேன் புஷ்பத்திடம்.

"காபி எடுத்துக்கிடுங்க அண்ணே" என்றாள் புஷ்பம், ஒரு கை தூரத்தில் இருந்தவரிடம்.

பத்திரிகையைப் பிரித்தேன். 'தாய்மாமன் பேராசிரியர் மு. சீனிவாசகம், எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.' அண்ணாச்சி பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில். எம்.எஸ்ஸி.க்குப் பிறகு வரவேண்டிய காற்புள்ளிகூட இருக்கிறது. குறை சொல்ல வேண்டுமென்றால் தங்க நிறம் கொஞ்சம் அதிகம்.

தனுஷ்கோடி மேஜைமேல் இருந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கனியிடம், "ஃபோகஸ் ஒழுங்கா ஆகுதான்னு உங்க அண்ணன்ட்ட கேளு" என்றார்.

"ஃபோகஸ் ஆகுதாண்ணே?"

"ஆகிறது என்று சொல்."

"ஆகுதாம்."

"சந்தோசம்னு சொல்லு."

"ரெண்டு பேரும் நாசமாப் போங்க" என்றாள் கனி. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது என் கையைப் பிடித்தாள். "மாமன் கை பிடிக்காம எந்திரிக்க மாட்டேன்னு சொல்லிட்டு இருக்கா. அவ பிடிவாதம் உனக்குத் தெரியும். மண்டபத்துல என்னையச் சிரிப்பாச் சிரிக்க வச்சுறாதண்ணே."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அவர்கள் காரில் வந்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 14

புஷ்பம் கேட்கிறாள்: "அவரு வேணும்னேயா அண்ணன் மூஞ்சிக்கு ஃபோகஸ் வச்சிருப்பாரு? கேமராலயே ஏதாவது கோளாறு இருந்தா?"

நான் பௌதிகக்காரன் என்பதை மறந்து கேட்கிறாள். நிரூபித்துவிடுகிறேன் என்றேன். பரணிலிருந்து பழைய பிலிம் கேமராவை இறக்கினேன். பேட்டரி மாற்றியதும் உயிர் வந்தது. நல்ல கேமரா. அதன்மேல் நான் எந்தப் பழியும் சொல்ல விடமாட்டேன்.

சோதனை எளியது. பிலிம்கூட வேண்டாம். லென்ஸின் மேல் தூரம் காட்டும் சன்னல் இருக்கிறது. சுவரில் நாட்காட்டி மாட்டியிருக்கிறது (தனுஷ்கோடி அச்சகம், புஷ்பம் மாட்டியது). டேப் பிடித்து, அதிலிருந்து ஒன்றரை மீட்டரில் கேமராவை வைத்தேன். முதலில் புதிய கேமரா, அடாப்டர், லென்ஸ். கிர்ர், டக். முள் ஒன்றரையில் நின்றது. பிறகு அதே லென்ஸைக் கழற்றிப் பழைய கேமராவில். அதே தேதித் தாள், அதே தூரம்.

முள் ஒன்றரையைத் தாண்டிப் போய் நின்றது. ஒரு சாண் இருக்கும்.

மேஜை அசைந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15

கல்லூரியில் கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். வந்து மீண்டும் அளந்தேன். டேப் சரியில்லை.

ஆகஸ்ட் 16

புது டேப் வாங்கினேன். இதுவும் சரியில்லை.

ஆகஸ்ட் 17

ஆவணி பிறந்துவிட்டது. தெருவில் இரண்டு பந்தல்.

ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குடம், புஷ்பம், எதிர்வீட்டு ஆடு. எல்லாவற்றையும் பழைய கேமராவில் அளந்தேன். எதை நோக்கினாலும் ஒரு சாண் பின்னால்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. பழைய கேமராவில் படம் பதிவது ஓர் இடம், ஃபோகஸ் அளப்பது உள்ளே இருக்கும் கண்ணாடிக்குக் கீழே வேறோர் இடம். அந்த இரண்டும் மயிரிழை விலகினாலும் படம் தள்ளிப்போகும். வியூஃபைண்டரில் பார்க்கும்போது தெரியவும் தெரியாது. புதியதில் படம் பதிகிற இடத்திலேயே ஃபோகஸையும் அளக்கிறது. விலக வழியில்லை. லென்ஸ் மேல் குற்றமே இல்லை. அது சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

பழைய ஆல்பங்களையும் எடுத்தேன். அந்தக் கேமராவில் நானே எடுத்த முகங்கள். எல்லோருக்கும் காது துல்லியம், கண் மங்கல். 'சீனிவாசகத்தின் முகங்களில் ஒரு கனவுத்தன்மை' என்று கல்லூரி மலரில் எழுதியிருந்தார்கள். அதைப் பற்றி நானும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன், இரண்டு பக்கம்.

தனுஷ்கோடி குழந்தையைத்தான் நோக்கியிருக்கலாம். அண்ணாச்சி சரியாக ஒரு சாண் பின்னால் நின்றிருக்கலாம். 'லாம்' என்றுதான் சொல்கிறேன். ஆசிரியர் என்று போட்டது அப்படியேதான் இருக்கிறது.

புஷ்பம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "நிரூபிச்சாச்சா?" என்றாள்.

"கீரையில் காம்பு அதிகம்" என்றேன்.

ஆகஸ்ட் 22

துறைத்தலைவர் புரொஃபைலில் என் படம். அறுபத்தேழு பேர் பாராட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவரும் எடுத்தது யார் என்று கேட்கவில்லை. ஆனாலும் இன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தேன். புஷ்பம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

புதுச் சட்டைக்கு அளவு கொடுத்தேன். படம் எடுப்பவனுக்கும் சட்டை வேண்டும்.

ஆகஸ்ட் 30

இதை மண்டபத்திலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன். காபி அதிகமாகிவிட்டது, தூக்கம் வரவில்லை.

விடியுமுன்பே போய்விட்டோம். சென்னையிலிருந்து வந்த படக்குழு மேடையை ஏற்கெனவே ஆக்கிரமித்திருந்தது. வந்த சனம் எல்லாம் பார்த்தது ஆறு கறுப்புச் சட்டைகளின் முதுகை மட்டும்தான். நான் தூண் ஓரமாக இடம் பிடித்துக்கொண்டு கிர்ர், டக் என்று ஆரம்பித்தேன். ஒரு கறுப்புச் சட்டை திரும்பியது.

"சார், அது என்ன, மிக்ஸியா?"

"உன்னைவிட வயதில் மூத்தது. மரியாதையாகப் பேசு" என்றேன்.

நான் எடுத்ததைத் திரையில் காட்டினேன். பொன்மதியின் கண், அதில் குத்துவிளக்குச் சுடர். அவன் மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டான். ஆறு பேரும் என்னைச் சுற்றி நின்றதில் சனத்துக்கு முதல்முறையாக மணமேடை தெரிந்தது. கைதட்டுகூட விழுந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போது ஐயர் மைக்கில் கூப்பிட்டார். "தாய்மாமா எங்கே? மாலையோட வாங்கோ, நாழியாறது."

நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். லென்ஸைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"தாய்மாமா!"

மணமகள் அறை வாசலில் பொன்மதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவள் மாதிரி. கனி குனிந்து ஏதோ கெஞ்சினாள். பொன்மதி மாட்டேன் என்று தலையாட்டினாள். ராஜாமணி அண்ணாச்சி வெள்ளைச் சட்டையும் மீசையுமாக முன்னால் வந்து, மண்டபமே கேட்கிற குரலில், "மாமன்காரன் ஒளிஞ்சுக்கிட்டான்யா! பெரியப்பன் நான் இருக்கேன், குடுங்க மாலைய!" என்றார்.

"பெரியப்பா, நீங்க சும்மா இருங்க" என்றாள் பொன்மதி. "மாமா வருவாரு. மாமா வர்ற வரைக்கும் இருப்பேன். பசிச்சா இட்லி கொண்டு வாங்க."

சனம் சிரித்தது. கனி சிரிக்கவில்லை. என் தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்டபம் முழுக்கக் கண்ணால் என்னைத் தேடினாள்.

எனக்கு முன்னால் ஒரு கை நீண்டது. தனுஷ்கோடி. பட்டு வேட்டி, நெற்றியில் வியர்வை. நடுவில் கனியும் இல்லை, புஷ்பமும் இல்லை.

"கேமராவக் குடுங்க மச்சான். நான் எடுக்கேன், நீங்க பிள்ளையப் பிடிங்க."

அதே வாக்கியம். அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.

நான் கேமராவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவ அண்ணன் மூஞ்சிக்குப் போச்சுன்னா, என்னைய இங்கயே வெட்டிப் போடுங்க. சத்தியமா அன்னைக்கும் பிள்ளை மூஞ்சியப் பாத்துத்தான் அமுக்குனேன்."

"இது தள்ளிப் பிடிக்காது" என்றேன். "அந்தப் பழைய கேமராதான் ஒரு சாண் பின்னால் பிடிக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "எது?"

"அந்தக் கேமரா. அளந்து பார்த்தேன். இரண்டு டேப்பில்."

"அப்படின்னா அன்னைக்கு..."

"மாலை வாடுகிறது" என்று சொல்லி, கேமராவை அவர் கழுத்தில் மாட்டினேன். வார் அவர் காதில் சிக்கியது. அதை எடுத்துவிட வேண்டியிருந்தது. "பாதி அழுத்துங்கள், கண்ணில் சதுரம் வரும், பிறகு முழுசாக. மோட்டார் சத்தம் போடும், பயப்பட வேண்டாம்."

"சத்தம் போடுற அடாப்டர்தான் இந்த லென்ஸுக்குச் சரின்னு மதுரைக் கடைக்காரன் சொன்னானே. மத்தவன் எல்லாம் வெறும் குழாயத்தான் எடுத்து..." என்றவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டு சதுரத்தைத் தேட ஆரம்பித்தார்.

கடைக்காரன் இவரிடம் எதற்கு இதைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. நேரமில்லை.

போனேன். மாலை போட்டேன். பொன்மதி கையை நீட்டினாள், நான் பிடித்தேன். காது குத்தின அன்று என் சுண்டுவிரலை மட்டும் பிடித்திருந்தாள், இன்றும் முதலில் அதைத்தான் பிடித்தாள். "லேட்டு மாமா" என்றாள். "தண்ணீர் வந்தது, பிடித்து வைத்துவிட்டு வந்தேன்" என்றேன். அவள் சிரித்ததில் மாலை குலுங்கியது. நாகஸ்வரம், தவில், வெளியே சரவெடி. சிவகாசிக் கல்யாணம், வெடிக்குக் கேட்கவா வேண்டும். அத்தனைக்கும் நடுவில் எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

கிர்ர், டக்.

செப்டம்பர் 2

படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். தனுஷ்கோடி மொத்தம் நாற்பது எடுத்திருக்கிறார். பாதியில் அவர் கட்டைவிரல். உருப்படியாக வந்தது ஒன்றே ஒன்று.

பொன்மதி பக்கவாட்டில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிப்பில் இடுங்கிய அவள் கண் கேமராவுக்குத் தெரியவில்லை. ஆகவே சதுரம் என் கண்ணுக்கு வந்துவிட்டது. என் மூக்குக்கண்ணாடிக்கு உள்ளே, இமைமுடி வரைக்கும் துல்லியம். பின்னால், சரியாக ஒரு சாண் தள்ளி, ஏதோ வெள்ளையாக ஒரு மேகம். அதன் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. அது அண்ணாச்சியின் மீசை.

புஷ்பம் ரொம்ப நேரம் பார்த்தாள். "கண்ணு நனைஞ்சிருக்கு."

"ஹோமப் புகை."

"ஹோமமே மூட்டலையே அப்ப. ஐயரு உங்களுக்காகத்தான காத்துக்கிட்டு இருந்தாரு."

கேமரா ரொம்பவும் துல்லியமாக இருப்பதும் நல்லதில்லை.

செப்டம்பர் 5

காலையில் தனுஷ்கோடி நேராக என் நம்பருக்கே கூப்பிட்டார். அந்தப் படத்தை வருகிற வருஷ நாட்காட்டியில் போடப் போகிறாராம். மாவட்டம் முழுக்கப் போகும். "பேருக்குக் கீழ எம்.எஸ்ஸி., எம்.ஃபில். போடவா மச்சான்?" என்றார். நாட்காட்டியில் பட்டம் போட்டால் அசிங்கமாக இருக்கும் என்றேன். ஒரு நிமிஷம் கழித்து நானே திரும்பக் கூப்பிட்டு, போடச் சொன்னேன்.

ஒரு சிக்கல். ராஜாமணி அண்ணாச்சி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். "வேணும்னே என்னைய மங்கலாக்கிப்புட்டானுக. மாமனும் மச்சானும் சேந்து செஞ்ச சதி" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். என்னோடு இனிமேல் பேச்சே இல்லையாம்.

"நீங்க ஒரு நடை வந்து டேப் வச்சு அண்ணனுக்கு வெளக்கிச் சொல்லுங்களேன் மச்சான்" என்றார் தனுஷ்கோடி. பாவம், உண்மையாகவே கவலைப்படுகிறார்.

சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை சிவகாசி போகிறோம், கனி கறிச்சோறு போடுகிறாள், கேமராவும் வருகிறது. டேப்பை எடுத்துப் பையில் வைத்தேன். பிறகு வெளியே எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். அவ்வளவு என்ன அவசரம்? அண்ணாச்சிக்கு எழுபதுதான் ஆகிறது.